வீடு தேடி வந்த மருத்துவமும் நம்ம குழு வாட்ஸ்அப்பும்



சேமிப்பு, கடன், தொழில் பற்றி இந்த மலரில் நிறையப் பேர் எழுதுவாங்க. நான் எழுத வந்தது வேற. குழுப் பெண்கள் வீடு வீடாப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலைக்கு எப்படி வந்தாங்க, அதுல செல்போன் எப்படிச் சேர்ந்துச்சு என்பதுதான்.

நம் மாநிலத்தில் மகளிர் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டன. பிறகு மகளிர் திட்டம் மூலமா மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. நம்ம மாமியார், அம்மா காலத்துப் பெண்கள் கூட்டத்துக்கு யார் வந்தா, யார் வரல, யார் எவ்வளவு கட்டினான்னு நோட்டுல எழுதிப் பழகினாங்க. ஒருத்தி வரலைன்னா, "ஏன் வரல?"ன்னு வீட்டுக்கே போய் விசாரிப்பாங்க. அந்தப் பழக்கம்தான் பின்னால கை கொடுத்தது.

அப்போ படுத்த படுக்கையா இருக்கிறவங்க பாடு ரொம்பக் கஷ்டம். கிராமத்திலிருந்து சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸில் உட்கார முடியணுமே! ஆட்டோ பிடிச்சா ஒரு நாள் கூலி போயிடும். அதனாலயே பிரஷர் மாத்திரையைப் பாதியில் விட்டவங்க உண்டு.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இதுக்கு முன்னாடியே ஒரு வழி கண்டிருந்தாங்க. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் இருவரும் வலி நிவாரண சேவையைத் தொடங்கினாங்க. அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்களே பயிற்சி எடுத்து, நர்சுகளோடு சேர்ந்து நோயாளி வீட்டுக்குப் போனாங்க.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர்களைச் சுய உதவிக் குழுக்களிலிருந்தே எடுத்தாங்க. படுக்கை நோயாளிக்கு நர்சும், பக்கவாதம் வந்தவங்களுக்குப் பயிற்சி கொடுக்க பிசியோதெரபிஸ்டும் வண்டியில் வர்றாங்க. 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் கொடுக்கப்பட்டது.

ஒரு வண்டி பல ஊருக்குப் போகணும். இன்னிக்கு எந்தத் தெரு, யாருக்கு மாத்திரை தீர்ந்தது, யாருக்குப் புண் ஆறலைன்னு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியணும். அதுக்குத்தான் செல்போன். பார்த்த விவரத்தைச் செயலியில் ஏத்துறாங்க. மத்த தகவல் வாட்ஸ்அப்பில் போகுது. 2013-லிருந்து வாட்ஸ்அப்பில் குரலையே பதிவு பண்ணி அனுப்பலாம். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமாருக்கு அது பெரிய உதவி.

ஆனா போன் இருந்தா மட்டும் போதாது. இதை என் வீட்டிலேயே பார்த்தேன். என் அத்தைக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துடுச்சு. பேச்சும் குழறும். ஒரு தடவை, பயிற்சி கொடுக்க வியாழக்கிழமைக்குப் பதிலா புதன்கிழமையே வர்றாங்கன்னு எங்க தெரு குரூப்பில் ராத்திரி ஒருத்தி போட்டிருக்கா. காலையில் அதுக்கு மேல முப்பது குட்மார்னிங் படம். அதில் ஒண்ணு நான் போட்டது! நான் கவனிக்காம வீட்டைப் பூட்டிட்டு ரேஷன் கடைக்குப் போயிட்டேன். வந்தவங்க கூப்பிட்டுப் பார்த்துட்டுத் திரும்பிட்டாங்க. அத்தை கட்டிலிலிருந்து குரல் கொடுத்திருக்காங்க, வெளியே கேட்கலை. திரும்பி வந்து பார்த்தா கண்ணெல்லாம் தண்ணி.

அதுக்கப்புறம் நாங்க சில முடிவு எடுத்தோம். நோயாளி விஷயத்துக்குத் தனி குரூப், அதில் வாழ்த்துப் படம் கிடையாது. தேதி மாறினா, பார்த்தவங்க "பார்த்தேன்"னு பதில் போடணும். அரை மணி நேரத்தில் பதில் வரலைன்னா ஒருத்தி நேரில் போகணும். போன் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க பொறுப்பு. முக்கியமா, யாரோட புண்ணையும் படம் எடுத்துப் போடக் கூடாது, நோயின் பேரையும் எழுதக் கூடாது. குரூப்பில் போட்டது ஊருக்கே தெரியும். அந்த வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வர்றவங்க காதுக்கும் போகும். நர்சுகிட்ட தனியா சொன்னாப் போதும்.

2024 செப்டம்பரில் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைச்சுது. அதில் மாத்திரைப் பையோடு வெயிலில் நடந்த நம்ம குழுப் பெண்களுக்கும் பங்கு உண்டு.

அத்தை இப்போ சுவரைப் பிடிச்சு நாலு எட்டு வைக்கிறாங்க. ஒருத்தி வரலைன்னா வீட்டுக்குப் போய் விசாரிச்ச பழக்கத்தை, போன் கையில் வந்த பிறகும் விட்டுடாதீங்க சகோதரிகளே.