புயலுக்கு முகம் கிடைத்த கதை

கதை எழுதுகிறவர்களுக்குப் புயல் என்றால் ஒரு தனிப் பிரியம் உண்டு. கதாநாயகனையும் கதாநாயகியையும் பிரித்து வைக்க வேண்டுமா? நாலாவது அத்தியாயத்தில் ஒரு புயலை வரவழைத்தால் போதும். அது எங்கே உருவாயிற்று, எந்த வழியாக வந்தது என்றெல்லாம் எங்களை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. நிஜப் புயல்களும் வெகு காலம் வரையில் அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல்தான் வந்துகொண்டிருந்தன.

1900-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி, அமெரிக்காவில் டெக்ஸாஸ் கரையோரமாக உள்ள கால்வெஸ்டன் என்ற தீவு நகரத்துக்கு அப்படித்தான் ஒரு புயல் வந்தது. பருத்தி ஏற்றுமதியால் பணம் கொழித்த துறைமுகம். ஜனத்தொகை சுமார் 37,000. ஊரிலேயே மேடான இடம் கடல் மட்டத்துக்கு மேல் 9 அடிகூட இல்லை. அங்கே வானிலை அதிகாரியாக இருந்தவர் ஐஸக் கிளைன். கால்வெஸ்டனைப் புயல் அழித்துவிடும் என்று பயப்படுவது வெறும் பிரமை என்று 1891-ல் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதியவரும் அவரே.

கியூபாவில் இருந்த நிபுணர்கள், புயல் மெக்ஸிகோ வளைகுடாவுக்குள் புகுந்து மேற்கே போகிறது என்று கருதினார்கள். வாஷிங்டனில் நாற்காலியில் இருந்தவர்களோ, அது வடக்கே திரும்பி அட்லாண்டிக் கரைக்குப் போய்விடும் என்று தீர்மானித்திருந்தார்கள். கியூபாக்காரர்கள் புயலைப் பற்றித் தந்தி கொடுக்கக் கூடாது என்று தடை வேறு போட்டு வைத்திருந்தார்கள். உத்தியோக கௌரவம் என்பது எல்லாத் தேசத்திலும் ஒரே ஜாதிதான் போலிருக்கிறது!

கடற்கரையை ஒட்டி ஓர் அநாதைக் குழந்தைகள் விடுதி இருந்தது. 93 குழந்தைகள், அவர்களைக் கவனித்துக்கொள்ளப் பத்துக் கன்னிகாஸ்திரீகள். தண்ணீர் ஏற ஏற, துணி உலர்த்தும் கயிற்றை எடுத்து அந்தப் பெண்கள் குழந்தைகளைத் தங்கள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். யாரும் அலையில் தனியாகப் போய்விடக் கூடாது என்றுதான். பிழைத்தவர்கள் மூன்று பையன்கள் மட்டுமே. கிளைன் தம் கர்ப்பிணி மனைவியைப் பறிகொடுத்தார். நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் குறைந்தது 6,000 பேர் மாண்டார்கள். 12,000 வரை இருக்கலாம் என்று சொல்லுகிறவர்களும் உண்டு.

இவ்வளவு பெரிய ராட்சதனை ஏன் ஒருவரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை? பார்க்க முடியாது என்பதுதான் பதில். புயலுக்குள் அகப்பட்டவனுக்கு மழையும் காற்றும் தெரியும், புயல் தெரியாது. நடுக்கடலில் அதைச் சந்தித்த கப்பல்களில் அப்போது கம்பியில்லாத் தந்தியும் இல்லை. நம் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர், புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் தினக் குறிப்புகளை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே எந்தத் திசையில் காற்றடித்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். காற்று நேராக வீசவில்லை, பாம்பு சுருண்டதுபோலச் சுழல்கிறது என்று கண்டு, கிரேக்க மொழியிலிருந்து 'ஸைக்ளோன்' என்ற பெயரை அவர் வழங்கியது 1840-களில். அந்தப் பாம்பை அவர் ஒருநாளும் முழுசாகப் பார்த்ததில்லை. காகிதத்திலேயே கண்டுபிடித்தார். என்னைக் கேட்டால் இந்தச் சரித்திரத்தில் முதல் நமஸ்காரம் அவருக்குத்தான்.

பிறகு ஆகாய விமானம் வந்தது. 1943-ம் ஆண்டு ஜூலையில் ஜோஸப் டக்வொர்த் என்ற விமானி, அதே கால்வெஸ்டன் அருகே வந்த ஒரு புயலின் நடுவே ஒற்றை என்ஜின் விமானத்தை ஓட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திரும்பினார். அடுத்த ஆண்டு ஹாரி வெக்ஸ்லர் என்ற வானிலை விஞ்ஞானியும் அட்லாண்டிக் புயல் ஒன்றுக்குள் பறந்து பார்த்தார். இவரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 4,000 மைல் உயரத்திலிருந்து பூமியைப் பார்த்தால் மேகங்கள் எப்படித் தோன்றும் என்று 1954-ல் ஓர் ஓவியரைக் கொண்டு படம் எழுதச் செய்தவர் இவர். அதே ஆண்டு அக்டோபரில், 100 மைல் உயரம் போய்வந்த ஒரு ராக்கெட்டின் படச்சுருளைக் கழுவி ஒட்டிப் பார்த்தபோது, டெக்ஸாஸுக்கு மேல் ஒரு புயல் சுழன்று கிடந்தது தெரிந்தது. கீழே இருந்தவர்கள் அதைச் சரியாக அறிந்திருக்கவில்லை.

1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி 'டிரோஸ்' என்ற செயற்கைச் சந்திரன் மேலே போயிற்று. தேதியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 120 கிலோ எடையில், தொப்பி வைக்கும் வட்டப் பெட்டி போன்ற உருவம். உள்ளே இரண்டு டெலிவிஷன் காமிராக்கள். ஆடாமல் நிலைத்திருப்பதற்காக அது பம்பரம்போலச் சுற்றியது. அதனால் ஒவ்வொரு பிரதட்சிணத்திலும் பாதி நேரத்துக்கு மேல் காமிராக்கள் பூமியை விட்டுவிட்டுச் சூனியத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆனாலும் பத்தாம் நாள் வாக்கில், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குக் கிழக்கே நடுச் சமுத்திரத்தில் சுழன்ற ஒரு புயலை அது பிடித்துக் கொடுத்துவிட்டது. பிடிங்டன் சொன்ன பாம்பு சுருண்டு படுத்திருந்தது. 78 நாள் வேலை செய்து, 23 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான படங்களை அனுப்பிவிட்டு டிரோஸ் ஓய்ந்தது.

மறு ஆண்டு செப்டம்பரில் 'கார்லா' என்ற பெரும் புயல் டெக்ஸாஸை நோக்கி வந்தது. மூன்றாவது டிரோஸ் அதைப் படம் பிடித்தது. எல்லாப் புகழும் செயற்கைச் சந்திரனுக்கே என்று சொன்னால் அது அதிகப்பிரசங்கம். விமானங்களும் பார்த்தன, கால்வெஸ்டனிலேயே ஒரு ராடார் பார்த்தது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் முன்கூட்டியே கரையோரத்தைக் காலி செய்து உள்நாட்டுக்குப் போனார்கள். அமெரிக்காவில் இறந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு. அதே வாரத்தில் அட்லாண்டிக்கில் 'எஸ்தர்' என்ற புயலை, விமானம் போய்ப் பார்ப்பதற்கு முன்பே டிரோஸ் கண்டு சொல்லிவிட்டது.

ஒரே ஒரு குறை. இந்தச் சந்திரன்கள் ஓரிடத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்விடும். அதைத் தீர்த்தவர் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையின் வெர்னர் சுவோமி. 22,300 மைல் உயரத்தில் நிறுத்தினால், கீழேயுள்ள மனிதர்களுக்கு அது ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். பம்பரச் சுற்று இடைஞ்சல் என்று மற்றவர்கள் நினைத்திருக்க, அவர் அதையே வேலைக்கு வைத்துக்கொண்டார். ஒரு சுற்றுக்கு ஒரு கீற்று. இப்படிச் சுமார் 20 நிமிஷத்தில் பூமியின் ஒரு பக்கம் முழுவதும் படமாகிவிடும். 1966 டிசம்பரில் பசிபிக் சமுத்திரத்தின் மேல் அது நடந்தது. படங்களை அடுத்தடுத்து ஓட்டினால் சினிமா மாதிரி மேகங்கள் நகர்ந்தன. 1970-களில் வெர்னன் ட்வோராக் என்பவர், மேகச் சுருளின் அமைப்பை மட்டும் பார்த்துப் புயலின் பலத்துக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை மார்க்குப் போட வழி சொன்னார். விமானம் போகாத கடல்களுக்கு அந்த மார்க்குத்தான் இன்றும் கை கொடுக்கிறது.

இதற்கிடையில் 1970-ம் ஆண்டு நவம்பரும் வந்து போயிற்று. வங்காள விரிகுடாவில் எழுந்த அந்தப் புயல், கரை ஏறுவதற்கு முன்னால் அமெரிக்கச் செயற்கைச் சந்திரன் எடுத்த படங்களில் பளிச்சென்று விழுந்திருக்கிறது. ஆனால் படத்துக்கும், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் மணல் தீவில் குடிசை போட்டிருந்த விவசாயிக்கும் நடுவே ஆள் இல்லை. சேதி கேட்டவர்களுக்கும் ஓடி ஒளிய மேடு இல்லை. 12-ந் தேதி இரவு, 3 லட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள்.

1972-ல் வங்காள தேசத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தார் கிராமம் கிராமமாகத் தொண்டர்களைத் திரட்டினார்கள். மேலேயிருந்து வரும் சேதியைக் கேட்டதும், அவர்கள் கையில் கொடியும் ஒலிபெருக்கியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள்.