அதிதிப் பேச்சாளரும் அங்கத்தவரும்: ஒரு சிற்றூர்க் கழகத்தின் வழக்கு

நமது நாட்டின் சிறு பட்டணங்களிலே பற்சக்கரச் சின்னம் பொறித்த றோட்டறிக் கழகப் பெயர்ப்பலகைகளைப் பலரும் கண்டிருப்பர். இரத்ததான முகாம், மூக்குக் கண்ணாடி வழங்கும் வைபவம், பஸ் தரிப்பிடத் திறப்பு விழா என்பவற்றோடுதான் அச்சின்னம் நமது நினைவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ஆயினும் கழகத்தின் அன்றாட வாழ்வு அந்த வைபவங்களில் நடப்பதில்லை. வாரத்தில் ஒரு நாள் குறித்த நேரத்தில் கூடுவது, உணவருந்துவது, வெளியிலிருந்து அழைக்கப்பட்ட ஒருவரின் பேச்சைக் கேட்டுவிட்டுக் கலைந்து செல்வது என்ற ஒழுங்கிலேயே அது நீண்ட காலம் உயிர் வாழ்ந்தது. சாதாரணமான ஒழுங்குதான். ஆனால், வந்து பேசிவிட்டுப் போகக்கூடியவர் யார், உறுப்பினராக உட்காரக்கூடியவர் யார் என்ற வினா அதற்குள்ளே மறைந்திருந்தது. அவ்வினா 1987ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அக்கதையிலே இலங்கைக்கும் ஒரு சிறு பங்குண்டு என்பதை நம்மவர் அதிகம் பேசுவதில்லை.

1905ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி சிக்காகோ நகரிலே, யூனிட்டி கட்டிடத்தின் 711ஆம் இலக்க அறையில் நால்வர் கூடினர். சட்டத்தரணி போல் ஹரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீல், சுரங்கப் பொறியியலாளர் கஸ்டேவஸ் லோயர், தையல் வணிகர் ஹைரம் ஷோரி ஆகியோரே அவர்கள். அறை லோயருடையது. சிற்றூரில் வளர்ந்து பெருநகருக்குப் பிழைக்க வந்த ஹரிஸை வாட்டியது தனிமை. ஊரிலே கடைக்காரனும் வைத்தியரும் வக்கீலும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துப் பழகியதை அவர் சிக்காகோவிலே தேடினார். ஒருவர் மாறி ஒருவர் அலுவலகத்தில் சுழற்சி முறையிலே கூட்டங்கள் நடந்தமையால் 'றோட்டறி' என்ற பெயர் வாய்த்தது. ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட முதல் விதி. போட்டி வியாபாரிகள் ஒரே மேசையில் முறைத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ஒருவரிடம் மற்றவர் கொள்வனவு செய்யவும் வசதி. தொடக்கத்தில் சமூக சேவை என்ற பேச்சே இருக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிக்காகோவிலே பொது மலசலகூடம் ஒன்றை அமைப்பிக்கும் முயற்சியில் இறங்கிய பின்னரே அவர்கள் சேவையின் பக்கம் திரும்பினர்.

இந்த யோசனை சிற்றூர்களுக்குப் பரவியபோதுதான் வாராந்தக் கூட்டம் தன் முழு உருவத்தைப் பெற்றது எனலாம். தலைவர் மணியடிப்பார். ஒரு பாட்டு, கூட்டத்திலே பாடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் சிக்காகோவின் அச்சகக்காரர் ஹரி றகிள்ஸ். பிறகு உணவு, அறிவித்தல்கள், சில்லறைக் குற்றங்களுக்கு விளையாட்டாக விதிக்கப்படும் தண்டப்பணம். அதன்பின் அரைமணி நேரத்துக்கும் உட்பட்டதொரு பேச்சு. அடுத்தடுத்து நான்கு கூட்டங்களுக்கு வராதவரின் அங்கத்துவம் போய்விடும். வெளியூர் சென்றவர் அங்குள்ள கழகத்தின் கூட்டத்துக்குச் சென்று ஈடுசெய்துகொள்ளலாம். வருடத்திலே ஏறக்குறைய ஐம்பது கூட்டங்கள். ஐம்பது பேச்சாளர்களுக்குச் சிற்றூரில் எங்கே போவது? முதலில் அங்கத்தவர்களே தத்தம் தொழிலைப் பற்றிப் பேசினர். அது தீர்ந்ததும் பாடசாலை அதிபர், பொலிஸ் அதிகாரி, வைத்தியர், விவசாயத் திணைக்களத்து உத்தியோகத்தர், பிறநாடு சென்று திரும்பிய பிரயாணி என்று ஊரிலே வாய் திறக்கக்கூடிய எவரையும் விட்டுவைக்கவில்லை. நமது இலக்கியக் கூட்டங்களுக்குப் பேச்சாளர் தேடி அலைந்த செயலாளர்களுக்கு இந்தச் சிரமம் நன்கு விளங்கும்.

எழுத்தாளர்கள் இதனை எள்ளி நகையாடினர். சின்கிளயர் லூயிஸ் 1922இல் வெளியிட்ட 'பாபிட்' நாவலின் கதாநாயகன், இத்தகைய கழகமொன்றிலே முதுகைத் தட்டிக்கொள்ளும் நடுத்தர வியாபாரி. அவன் பெயர் ஆங்கில அகராதியிலே ஒரு சொல்லாகவே இடம்பிடித்துவிட்டது. இந்தியானா மாநிலத்து மன்சி நகரை ஆராய்ந்து 1929இல் 'மிடில்டவுண்' என்ற நூலை எழுதிய ரொபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதியரும், அந்நகரின் வியாபாரிகளுக்கு இத்தகைய கழகங்கள் எவ்வளவு பெரிய அந்தஸ்துச் சின்னமாக விளங்கின என்பதைப் பதிவு செய்தனர். நையாண்டியில் நியாயமுண்டு. ஆனாலும் சர்வகலாசாலையோ நூலகமோ அருகில் இல்லாத ஊரொன்றிலே, தானியக் கடைக்காரரும் பல் வைத்தியரும் வாரந்தோறும் உட்கார்ந்து, தமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு விடயத்தைக் கேட்டுக் கேள்வியும் கேட்டார்கள் என்பதை லூயிஸ் போதியளவு மதிக்கவில்லை என்றே எனக்குப் படுகின்றது.

இக்கழகத்தை கீழைநாடுகளுக்குக் கொண்டுவந்ததில் கனடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சனின் பங்கு பெரிது. 1928ஆம் ஆண்டு குடும்பத்தோடு புறப்பட்ட அவர், கெய்ரோ, ஜெரூசலம், பம்பாய், சென்னை என்று வழிநெடுகக் கழகங்களை நிறுவிக்கொண்டு கீழ்த்திசை நோக்கி வந்தார். கொழும்புக் கழகம் 1929இல் உருவாயிற்று. முஸ்லிம் நாடுகளிலே இது பிரீமேசன் இயக்கத்தின் மறுவடிவமோ என்ற ஐயம் உலமாக்கள் பலரிடம் எழுந்தது. இன்றும் அது முற்றாக நீங்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் 1950இன் இறுதியில் தன் குருமாரை றோட்டறியிலே சேரக்கூடாதெனத் தடுத்தது என்பதை இங்கே ஒப்புநோக்கலாம். அந்த விவாதம் தனிக் கட்டுரைக்குரியது.

நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு வருவோம். கழகத்தின் யாப்பு அங்கத்தவரை 'ஆண்' என்றே வரையறுத்தது. பெண்களுக்கு இடமே இல்லையா என்றால், இருந்தது. அவர்கள் கூட்டத்துக்கு வரலாம், உரை நிகழ்த்தலாம், பரிசும் பெறலாம். அங்கத்தவரின் மனைவியர் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொள்ளலாம். 1924இல் மஞ்செஸ்டரிலே தோன்றிய 'இன்னர் வீல்' அத்தகையதே. இளம் பெண்கள் இன்ரறக்ட், றோட்டறக்ட் பிரிவுகளிலும் சேரலாம். வயது வந்து, தொழிலிலே தேர்ந்து, ஊரிலே பெயரெடுத்த பெண்ணுக்கு மாத்திரம் அங்கத்துவம் கிடையாது. பாடசாலை அதிபரான ஒரு பெண்மணி கல்வி பற்றி அரைமணி நேரம் பேசலாம். பேச்சு முடிந்து கைதட்டலும் ஓய்ந்தபின், அவர் எழுந்து போகவேண்டும். அதே பதவியிலுள்ள ஆண் அடுத்த வாரமும் வருவார். மேடையிலே கவிதை வாசிக்கப் பெண்களை அழைத்துவிட்டு, நிர்வாகக் குழுவென்று வரும்போது அவர்களை மறந்துவிடும் சபைகள் நமக்குள்ளும் இருந்திருக்கின்றன என்பதால், இதனை அமெரிக்கரின் விநோதமென்று ஒதுக்கிவிட முடியவில்லை.

இவ்விதியை மாற்றுமாறு கேட்டவர்கள் யார் என்பது சுவையான செய்தி. 1950இலே 'ஆண்' என்ற சொல்லை நீக்கும் பிரேரணையை முன்வைத்தது இந்தியக் கழகமொன்று. 1964இல் றோட்டறியின் சட்டவாக்க மன்றத்துக்குப் பெண்களை அனுமதிக்கும் பிரேரணையை அனுப்பியது இலங்கைக் கழகமொன்று. மன்றத்திலே கூடிய பிரதிநிதிகள் அதனை மீளப்பெறச் செய்துவிட்டனர். அந்த ஆண்டிலே இலங்கையின் பிரதமராக இருந்தவர் சிறிமாவோ பண்டாரநாயக்கா. றோட்டறிக் கழகமொன்றின் கூட்டத்திலே அதிதியாக வந்து பேசும் தகைமை அவருக்கு இருந்தது. ஊரிலுள்ள புடைவைக் கடை முதலாளிக்கு இருந்த அங்கத்துவத் தகைமை அவருக்கு இருக்கவில்லை. 1972இலே ஐக்கிய அமெரிக்கக் கழகமொன்றும் இக்கோரிக்கையை எழுப்பியது. 1977இல் மூன்று பிரேரணைகள் வந்தன. எதுவும் பலிக்கவில்லை.

அந்த 1977இலேதான் டுவார்ட்டே கழகம் யாரையும் கேட்காமல் காரியத்தைச் செய்துவிட்டது. டுவார்ட்டே, கலிபோர்னியாவின் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்திலே மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர். கழகமும் மெலிந்துபோயிருந்தது. புதியவர்கள் தேவைப்பட்டபோது, ஊரிலே தகுதியோடிருந்த மூன்று பெண்களை முழு அங்கத்தவராக அது சேர்த்துக்கொண்டது. தலைமையகம் பொறுக்கவில்லை. 1978 மார்ச்சிலே கழகத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. சர்வதேச மாநாட்டிலே செய்த மேன்முறையீடும் தோற்றது. டுவார்ட்டேக்காரர் சளைக்கவில்லை. 'முன்னாள் றோட்டறிக் கழகம்' என்று தமக்குப் பெயர் சூட்டி, சின்னத்தின் மீது குறுக்குக் கோடுகளை இட்டுக்கொண்டு தொடர்ந்தும் கூடினர். 1982இல் பாடசாலை அதிபரான சில்வியா விட்லொக் என்ற கறுப்பினப் பெண்மணியும் அவர்களோடு சேர்ந்தார்.

வழக்கு 1983இலே கலிபோர்னியாவின் மேல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. வியாபார நிறுவனங்கள் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் அம்மாநிலத்து அன்றூ சட்டமே கழகத்தாரின் ஆயுதம். றோட்டறி வியாபார நிறுவனமன்று என்று கூறி முதல் நீதிமன்றம் அவர்களைத் தோற்கடித்தது. 1986இலே மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வியாபார நன்மையைக் கருதியே பலர் கழகத்திலே சேர்கின்றனர் என்பது அந்நீதிமன்றத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது.

தலைமையகத்தின் பொதுச் செயலாளர் அளித்த சாட்சியம் நாம் கவனிக்க வேண்டியது. ஆண்கள் மட்டும் கூடுவதால் ஏற்படும் தோழமை கெட்டுவிடும் என்பது அவர் சொன்ன முதற் காரணம். பல்வேறு பண்பாடுகளும் சமூக வழக்கங்களும் கொண்ட பிறநாடுகளிலே கழகம் சிறப்பாக இயங்குவதற்கு இவ்விதி உதவுகின்றது என்பது இரண்டாவது. பிறநாடுகள் என்றால் எவை? 1950இலும் 1964இலும் கதவைத் திறக்கச் சொன்ன இந்தியாவும் இலங்கையும் அவற்றுள் அடங்கும். கீழைத்தேயத்தவரின் பழமையைக் காட்டித் தம் பழமையைக் காத்துக்கொள்ளும் இந்த உபாயத்தைக் குடியேற்ற ஆட்சிக் காலத்திலிருந்தே நாம் அறிவோம். நம் சார்பாக ஒருவர் பேசும்போது, நாம் ஏற்கெனவே பேசியதைப் படித்துப் பார்த்தாரா என்று கேட்க அங்கே ஆளில்லை.

1987 மே 4ஆம் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு நீதியரசர்கள் வழக்கிலே பங்குகொள்ளவில்லை. ஏனைய எழுவரும் டுவார்ட்டேயின் பக்கமே நின்றனர். தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் லூயிஸ் பவல். அத்தீர்ப்பிலே என்னை மிகவும் கவர்ந்த பகுதி வாராந்தக் கூட்டம் பற்றியதே. யாரோடு நெருங்கிப் பழகுவதென்பது எமது அந்தரங்க உரிமை, அரசு அதில் தலையிடலாகாது என்பது றோட்டறியின் வாதம். குடும்பத்துக்கும் நெருங்கிய நட்புக்கும் உரிய பாதுகாப்பை அது கழகத்துக்கும் கோரியது. நீதிமன்றமோ கழகத்தின் நடைமுறையையே அதற்கு எதிராகத் திருப்பிற்று. இருபது பேருக்குக் குறைந்த கழகமும் உண்டு, தொள்ளாயிரத்தைத் தாண்டிய கழகமும் உண்டு. வருடந்தோறும் ஏறக்குறைய பத்து வீதத்தினர் விலகிச் செல்கின்றனர். எந்த ஊர் அங்கத்தவர் வந்தாலும் கூட்டத்திலே சேர்த்துக்கொள்ள வேண்டும். தொழிற் போட்டியாளரைக்கூட விருந்தினராக அழைத்து வரலாம். சில கழகங்களில் வாரந்தோறும் பத்து இருபதென அந்நியர் வந்து உட்காருகின்றனர். கூட்டச் செய்தியை உள்ளூர்ப் பத்திரிகையிலே வெளியிடுமாறும் கழகங்கள் ஊக்குவிக்கப்படுகின்றன. இத்தனைக்கும் கதவையும் யன்னலையும் திறந்து வைத்திருப்பவர்கள், பெண்ணைக் கண்டவுடன் மாத்திரம் இது எமது அந்தரங்க அறை என்று சொல்ல இயலாது என்பதே பவல் எழுதியதன் சாரம்.

ஐம்பது வாரத்துக்கு ஐம்பது பேச்சாளர் தேடிய சிற்றூர்ச் செயலாளர்கள், ஊர்ப் பத்திரிகைக்குக் கூட்டச் செய்தி எழுதி அனுப்பியவர்கள், வந்த விருந்தினருக்குக் கதிரை போட்டவர்கள் எல்லோரும் தம்மை அறியாமலே இவ்வழக்குக்குச் சாட்சியம் சேர்த்துக்கொண்டிருந்தனர். கூட்டங்கள் மூடிய அறையிலே நடந்திருந்தால், றோட்டறியின் வாதத்துக்கு வேறு பலம் இருந்திருக்கும்.

தீர்ப்பு வந்த இரண்டே மாதங்களில், 1987 ஜூலையிலே, லயன்ஸ், கிவானிஸ் ஆகிய அமைப்புகளும் பெண்களுக்கு இடமளித்தன. அதே ஆண்டில் சில்வியா விட்லொக் டுவார்ட்டேயின் தலைவியானார். உலகில் றோட்டறிக் கழகமொன்றுக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணி அவரே. தீர்ப்பு அமெரிக்காவை மட்டுமே கட்டுப்படுத்தியதால், ஏனைய நாடுகள் 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு சிங்கப்பூரிலே கூடிய சட்டவாக்க மன்றம் 'ஆண்' என்ற நிபந்தனையை நீக்கியது. இலங்கைக் கழகம் கேட்டு இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. 1990 ஜூனிலே பெண் அங்கத்தவர் தொகை ஏறக்குறைய 20,200. உலகத் தலைமைப் பதவிக்கு ஒரு பெண் வருவதற்கு 2022 வரை சென்றது. கனடாவைச் சேர்ந்த ஜெனிபர் ஜோன்ஸ் அப்பொறுப்பை ஏற்றார்.

வாராந்தக் கூட்டம் இதற்கிடையில் தளர்ந்துவிட்டது. வாரந்தோறும் கூடவேண்டுமென்ற கட்டாயத்தை 2016ஆம் ஆண்டின் சட்டவாக்க மன்றம் நீக்கியது. மாதம் இருமுறை கூடினால் போதும் என்றாயிற்று. பேச்சாளர் தேடும் செயலாளர்களுக்கு அது பெரும் ஆறுதலாக இருந்திருக்கும்.