ஏழைகளின் கிண்ணமும் மங்கும் விண்மீனும்

ஆனி மாதத்தில் மேட்டூர் அணை திறந்து, காவிரி நீர் கல்லணையைத் தாண்டித் தஞ்சைத் தரணியின் வாய்க்கால்களில் பாயும் நாட்களில், இஷாத் தொழுகைக்குப் பின் வயல் வரப்பில் நின்று வடக்கே நோக்கினால், உச்சிக்குச் சற்றுக் கீழே அரைவட்டமாய் அமைந்த சிறிய விண்மீன் கூட்டம் ஒன்று தெரியும். மேலை நாட்டார் அதனை வடமுடி என்பர். அரபு மக்கள் அதற்கு இட்ட பெயர் 'அல்ஃபக்கா'. உடைந்து இடைவெளி விழுந்த வளையம் என்பது அதன் பொருள். அதன் மிக ஒளி பொருந்திய மீனை உலக வானியலார் இன்றும் 'அல்பெக்கா' என்றே அழைக்கின்றனர். பாமர அரபு மக்களோ அவ்வளையத்தை 'கஸ்அத்துல் மஸாகீன்', அதாவது ஏழைகளின் கிண்ணம் என்றனர். விளிம்பு உடைந்த மண்கலம் ஏழை வீட்டில்தானே இருக்கும்!

இந்தக் கிண்ணத்தின் உள்ளே வெறுங்கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மீன் உண்டு. அது பெரும்பாலும் ஆறாம் தரத்து ஒளியுடன் இருக்கும். பிறகு எந்த முன்னறிவிப்பும் இன்றிச் சில வாரங்களில் மங்கித் தொலைநோக்கிக்கும் அரிதாகிவிடும். சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து மீண்டும் பழைய ஒளிக்குத் திரும்பும். அதன் உடலில் உள்ள பொருள்களும் மற்ற விண்மீன்களில் உள்ளவை போன்றவை அல்ல. அந்த மீனின் வரலாற்றையும், அதனோடு நம் தமிழகம் கொண்ட தொடர்பையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அஸ்ஸூஃபியின் கண்கள்

ஹிஜ்ரி 291-இல் (கி.பி. 903) பிறந்து 376-இல் (986) மறைந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, புவைஹ் அரசர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் வாழ்ந்த வானியல் பேரறிஞர். 'நிலை விண்மீன்களின் உருவங்கள்' பற்றி அவர் சுமார் 964-இல் எழுதிய அரபு நூல், தாலமியின் கிரேக்கப் பட்டியலை அடியொற்றியது. எனினும் அவர் வெறும் நகல் எடுப்பவராக இருக்கவில்லை. ஒவ்வொரு மீனையும் தம் கண்ணால் நோக்கி, அதன் ஒளித்தரம் தாலமி கூறியவாறு உள்ளதா என ஒப்பிட்டு, மாறுபட்ட இடத்தில் தாம் கண்டதையே பதிவு செய்தார். ஆந்திரமேதை உடுமண்டலத்தை ஒரு சிறு மேகம் எனக் குறித்தவரும் அவரே.

அல்ஃபக்காவில் தாலமி கணக்கிட்டவை எட்டு மீன்கள். கிண்ணத்தின் உள்ளே உள்ள மங்கும் மீன் அவற்றுள் இல்லை. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பர்ஸியஸ் கூட்டத்தில் உள்ள 'அல்கோல்' எனும் மீன் ஒளி மாறுவது. 'ரஃஸுல் கூல்', அதாவது பூதத்தின் தலை என்பதே அதன் அரபுப் பெயர். ஆகவே அதன் ஒளிமாற்றத்தை அரபியர் முன்பே அறிந்துதான் அப்பெயரைச் சூட்டினர் என்று நம் மேடைகளில் முழங்குவோர் உண்டு. ஆனால் அப்பெயர் கிரேக்கரின் கொர்கோன் அரக்கியின் தலையை அரபியில் பெயர்த்ததேயாகும். அல்கோலின் ஒளிமாற்றத்தை முதலில் பதிவு செய்தவர் இத்தாலியரான மொந்தனாரி (1669). அது 2 நாள் 20 மணி 49 நிமிடத்திற்கு ஒருமுறை மங்குகிறது என 1783-இல் கணித்தவர், செவிப்புலன் இழந்த ஆங்கில இளைஞர் குட்ரிக். முன்னோரின் புகழுக்கு அஸ்ஸூஃபியின் உண்மையான உழைப்பே போதும். இல்லாததைச் சேர்ப்பது அவரைப் பெருமைப்படுத்துவதாகாது.

அக்குட்ரிக்கின் நண்பரும் அண்டை வீட்டாருமான எட்வர்ட் பிகாட் என்பவரே, ஏழைகளின் கிண்ணத்தில் உள்ள மீன் மங்குவதை 1795-இல் கண்டறிந்தார். பின்னாளில் ஜெர்மானிய அறிஞர் அர்கெலாந்தர் வகுத்த முறைப்படி, ஒரு விண்மீன் கூட்டத்தில் முதலாவதாகப் பெயரிடப்படும் ஒளிமாறு மீனுக்கு 'ஆர்' என்னும் எழுத்து வழங்கப்பட்டது. அதன்படி இது 'ஆர் கொரோனே பொரியாலிஸ்' ஆயிற்று.

சென்னையில் இரு வானியல்கள்

பிகாட் இதைக் கண்ட அதே காலத்தில் சென்னையில் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். 1786-இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தம் சொந்தப் பொறுப்பில் தொடங்கிய வானாய்வகம், கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறி, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த கட்டடத்தில் அமைந்தது. தொலைநோக்கியைத் தாங்க அங்கே நாட்டப்பட்ட கருங்கல் தூணில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்துகள் பொறிக்கப்பட்டன.

அதே ஆண்டுகளில், சில கல் தொலைவில் உள்ள திருவல்லிக்கேணியில், 'பஹ்ருல் உலூம்' எனச் சிறப்பிக்கப்பட்ட மௌலானா அப்துல் அலீ ஃபரங்கி மஹல்லி, நவாப் வாலாஜா முஹம்மது அலியின் அழைப்பில் வந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நம் அரபுக் கல்லூரிகள் பின்பற்றும் தர்ஸே நிழாமிப் பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிழாமுத்தீனின் புதல்வர் அவர். ஹிஜ்ரி 1225-இல் (1810) மறைந்து வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமானார். அப்பாடத்திட்டத்தில் 'இல்முல் ஹைஆ' என்னும் வானியலும் ஒரு பாடம். ஜக்மீனியின் நூலுக்கு சமர்கந்தின் காளீஸாதா ரூமி எழுதிய விளக்கவுரையும், பஹாவுத்தீன் ஆமிலியின் 'தஷ்ரீஹுல் அஃப்லாக்'கும் அதில் ஓதப்பட்டன. இவை தாலமியின் வழி வந்தவை. எட்டாம் வானில் பதிக்கப்பட்ட நிலை விண்மீன்கள் மாறாதவை என்பது அவற்றின் அடிப்படை. நுங்கம்பாக்கத்தின் தொலைநோக்கியோ மாறும் மீன்களை எண்ணத் தலைப்பட்டது. ஒரே நகரில் இரு வானங்கள் இருந்தன எனலாம்.

பஞ்சாங்கக் குடும்பத்து வானியலார்

நுங்கம்பாக்கத்தில் 1861 முதல் 1891 வரை அரசு வானியலாராக இருந்தவர் நார்மன் பாக்சன். விண்மீன்களின் ஒளித்தரங்களுக்கு இன்று உலகம் பயன்படுத்தும் அளவுகோல் 1856-இல் அவர் முன்மொழிந்ததே. ஐந்து தரங்களின் வேறுபாடு நூறு மடங்கு என்பது அதன் சாரம். அவருடைய முதல் உதவியாளராக விளங்கியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்து, 1840-களில் வானாய்வகத்தில் சேர்ந்து, 1880-இல் மறையும் வரை அங்கேயே உழைத்தவர். 5,000-க்கு மேற்பட்ட விண்மீன்களைக் கொண்ட சென்னைப் பட்டியலுக்கு ஆதாரமான நோக்குகளில் பெரும்பகுதி அவர் கைப்பட எடுத்தவை.

1867 ஜனவரியில், தென்வானின் 'ரெட்டிகுலம்' கூட்டத்தில் ஒளி மாறும் மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். அதுவே 'ஆர் ரெட்டிகுலி'. தொலைநோக்கி வழியே புதிதாய் ஒரு விண்பொருளைக் கண்டறிந்த முதல் இந்தியர் என அவரை வரலாற்றாசிரியர்கள் போற்றுகின்றனர். அம்மீன் சென்னையில்கூடத் தென் அடிவானத்துக்குமேல் 14 பாகை அளவே எழும். ஐரோப்பாவின் ஆய்வகங்களுக்கு அது தெரியவே தெரியாது. ஏறத்தாழ 280 நாட்களுக்கு ஒருமுறை பொங்கியும் சுருங்கியும் ஒளி மாறும் செந்நிறப் பெருமீன் அது. 1868 ஆகஸ்டு 18-இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை நோக்க, நிஜாம் நாட்டின் வனபர்த்திக்குச் சென்ற குழுவுக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

அவருடைய பணிகளில் நம் வாசகர் கருத வேண்டிய ஒன்று உண்டு. 1874 டிசம்பர் 9-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, அதனை மக்களுக்கு விளக்க அவர் எழுதிய சிறு நூல், உருது உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் வெளிவந்தது. வானத்தில் நிகழ்வதை எல்லாச் சமூகத்தாரும் அறிய வேண்டும் என்று கருதியவர் அவர். பஞ்சாங்கக் கணக்கு வானத்தின் காட்சியோடு பொருந்த வேண்டும் என வாதிட்டு, 'திருக்கணித' முறையில் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிட்டார். பழைய வாய்பாட்டை விட மறுத்த தம் சமூகத்தாரின் எதிர்ப்பையும் ஏற்றார். பிறையின் காட்சியும் கணக்கும் குறித்து நம்மிடையே ஆண்டுதோறும் எழும் விவாதத்தை நினைப்பவருக்கு, அவர் நின்ற இடம் அந்நியமாகத் தோன்றாது.

கரி படர்ந்த மீன்

மீண்டும் ஏழைகளின் கிண்ணத்துக்கு வருவோம். நம் சூரியனின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன். பெரும்பாலான விண்மீன்களும் அவ்வாறே. ஆனால் ஆர் கொரோனே பொரியாலிஸின் நிறமாலையை 1935-இல் ஆராய்ந்த லூயி பெர்மன், அதில் ஹைட்ரஜன் மிக அரிது, கரிமம் மிகுதி எனக் காட்டினார். அதன் வெளிப்பகுதி பெரிதும் ஹீலியத்தால் ஆனது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மங்குவதற்குக் காரணமும் அந்தக் கரிமமே. மீனிலிருந்து வெளியேறும் வாயு தொலைவில் குளிர்ந்து, கரித்துகளாக உறைந்து, நமக்கும் மீனுக்கும் இடையே திரையாகிறது. லொரேட்டாவும் ஒகீஃபும் 1930-களில் முன்வைத்த இவ்விளக்கமே இன்றும் நிலைபெற்றுள்ளது. அரிக்கேன் விளக்கின் திரியை அதிகம் ஏற்றினால் சிமினியில் கரி படிந்து வெளிச்சம் குன்றுவதைக் கண்டவருக்கு இது எளிதில் விளங்கும். சுடர் அணைவதில்லை, கண்ணாடிதான் கறுக்கிறது. கரித்துகள் கலைந்து அகன்றதும் மீன் மீண்டும் ஒளிர்கிறது.

2007 ஜூலையில் தொடங்கிய மங்கலில் இம்மீன் ஆறாம் தரத்திலிருந்து பதினான்கையும் கடந்து வீழ்ந்தது. பாக்சனின் அளவுகோலில் எட்டுத் தரம் வீழ்வதென்றால், ஒளி ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டது என்று பொருள். பல ஆண்டுகள் அது தலைதூக்கவில்லை. அதன் அறியப்பட்ட வரலாற்றில் அதுவே மிக நீண்ட மங்கல்.

இவ்வகை மீன்களின் ஆய்வில் தமிழகத்துக்குச் சிறப்பான பங்கு உண்டு. வேணு பாப்பு (1927-1982) சவ்வாது மலைத் தொடரின் காவலூரில் 1968-இல் சிறு தொலைநோக்கியோடு தொடங்கிய ஆய்வகத்தில், 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் நிறுவப்பட்டன. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் என். காமேசுவர ராவ், ஹைட்ரஜன் குன்றிய மீன்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். 1985-இல் அவை குறித்த பன்னாட்டுக் கருத்தரங்கு மைசூரில் கூடியது. சிந்தாமணி ரகுநாதாச்சாரியின் வாழ்வையும் பணியையும் ஆவணங்களிலிருந்து திரட்டி எழுதியவர்களுள் அதே காமேசுவர ராவும் ஒருவர். வானத்தில் மங்கிய மீனை ஆராய்ந்தவரே மண்ணில் மங்கிய பெயரையும் துலக்கினார் எனலாம்.

இத்தகைய மீன் எவ்வாறு பிறக்கிறது? முதுமையடைந்த இரு வெண்குறு மீன்கள் ஒன்றையொன்று சுற்றி, நெருங்கி, இணைந்து மீண்டும் சுடர்வதாலேயே எனப் பலரும் கருதுகின்றனர். இவ்வகையைச் சேர்ந்த சில மீன்களில் ஆக்சிஜனின் 18 எடையுள்ள வகை மிகுந்திருப்பது அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. வெண்குறு மீனின் எடைக்கு வரம்பு உண்டு, அது சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று கணித்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பயணத்தில் இக்கணக்கைத் தொடங்கி, 1983-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய முன்னோர் இத்தஞ்சை மண்ணைச் சேர்ந்தவர்கள்.

மாடியில் ஒரு பாடம்

நான் ஓதிய காலத்தில் 'தஷ்ரீஹுல் அஃப்லாக்' இரவில் அரிக்கேன் வெளிச்சத்தில் நடந்தது. வட்டங்களையும் அச்சுகளையும் மனனம் செய்தோம். அல்ஃபக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒருநாள் உஸ்தாதிடம் கேட்டேன். சற்று நேரம் அமைதியாக இருந்த அப்பெரியவர், "கிதாபில் இருக்கிறது, தம்பி" என்றார். அவர் மீது எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. அவருக்கும் எவரும் காட்டித் தரவில்லை. கிப்லாவின் திசையையும் தொழுகை நேரங்களையும் பிறையையும் வானத்தைப் பார்த்துக் கணித்த ஒரு கல்வி, வானத்தைப் பாராமலே ஓதும் பாடமாய்ச் சுருங்கிவிட்டது. இப்போது பல இடங்களில் அப்பாடமும் கைவிடப்பட்டுவிட்டது.

இழந்ததை மீட்க அஸ்ஸூஃபியின் நூலை மெச்சிப் பேசினால் மட்டும் போதாது. தாலமி சொன்னதைத் தம் கண்ணால் சரிபார்த்த அவருடைய பழக்கத்தையும் நாம் மீட்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் பஞ்சாங்கக் குடும்பத்தில் வந்த ரகுநாதாச்சாரி கைக்கொண்டதும் அப்பழக்கமே. இருவருக்கும் இடையே ஒன்பது நூற்றாண்டுகளும் இரு சமயங்களும் உள்ளன. இருவரும் செய்தது ஒன்றே.

ஆண்டுதோறும் ஆனியில், மேகம் விலகிய இரவுகளில், என் மாணவர்களை மாடிக்கு அழைத்துச் செல்கிறேன். கிண்ணத்தின் எட்டு மீன்களையும் காட்டி, அதன் உள்ளே இருக்கும் ஒன்பதாவதை ஓர் இருகண் நோக்கியால் தேடச் சொல்கிறேன். தெரிகிறது என்று சொல்பவரும் உண்டு, தெரியவில்லை என்பவரும் உண்டு. தெரியவில்லை என்பவரிடம், அதையும் தேதியிட்டு ஏட்டில் எழுதச் சொல்கிறேன். பிகாட் இம்மீனைக் கண்டறிந்தது, அது தெரியாமற்போன ஓர் இரவில்தான்.