ஃபூஜேர் (நறுமணக் குடும்பம்)

ஃபூஜேர் என்பது லாவெண்டர், கூமரின், ஓக் பாசி ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்படும் நறுமணத் திரவியக் குடும்பம் ஆகும். பிரெஞ்சு மொழியில் இச்சொல் பெரணியை (பன்னம்) குறிக்கும். 1882 ஆம் ஆண்டு பாரிசின் ஊபிகான் நிறுவனம் வெளியிட்ட ஃபூஜேர் ரோயால் என்னும் திரவியத்தின் பெயரே பின்னர் குடும்பப் பெயராயிற்று. ஆண்களுக்கான நறுமணத் திரவியங்கள், சவரத்திற்குப் பின் பூசும் நீர்மங்கள், சவர்க்காரங்கள் ஆகியவற்றில் பல இவ்வமைப்பைப் பின்பற்றுகின்றன. மேலை நாடுகளில் முடிதிருத்தகத்தின் மணம் என்று பலர் நினைவுகூர்வதும் பெரும்பாலும் இதுவே.

பெயர்க் காரணம்

பெரும்பாலான பெரணிகளுக்குக் குறிப்பிடத்தக்க மணம் கிடையாது. அவற்றில் பூவும் இல்லை. எனவே ரோசாவிலிருந்தோ மல்லிகையிலிருந்தோ எடுப்பது போல நறுமண எண்ணெய் எடுக்கவும் இயலாது. ஃபூஜேர் ரோயாலை உருவாக்கிய பால் பார்க்கே, நிழலும் ஈரமும் பசுமையும் நிறைந்த காட்டின் தோற்றத்தை மணமாகக் கற்பனை செய்தார். அவ்வகையில் ஃபூஜேர் என்பது இயற்கையில் உள்ள ஒரு மணத்தின் படி அன்று. மனிதர் அமைத்த ஒரு மணத்திற்கு ஒரு தாவரத்தின் பெயரை இட்டதாகும்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பெரணி இனம், நசுக்கும்போது உலர்ந்த புல்லின் மணம் தருவதால் அம்மணத்தின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

அமைப்பு

ஃபூஜேரின் அடிப்படைக் கூறுகள் பின்வருமாறு:

* லாவெண்டர் – தொடக்கத்தில் தெரியும் தூய, சற்றே மருந்து போன்ற மணம். இதன் எண்ணெயில் லினலூல், லினலைல் அசிட்டேட்டு ஆகியவை முதன்மையானவை. இவை விரைவில் ஆவியாகும். பெரும்பாலும் பெர்கமோட் என்னும் நாரத்தைவகைப் பழத்தின் எண்ணெயும் உடன் சேர்க்கப்படும்.
* ஜெரேனியம் – நடுப்பகுதியில் வருவது. ரோசாவை ஒத்தது, ஆயினும் பசுமையும் கூர்மையும் மிகுந்தது.
* கூமரின் – அறுத்து உலர்த்திய புல், பாதாம், வனிலா ஆகியவற்றை நினைவூட்டும் இனிய மணம். பல மணி நேரம் நிலைக்கும்.
* ஓக் பாசி – ஓக் மரப்பட்டைகளில் வளர்வது. ஈர மண், மரப்பட்டை, மை ஆகியவற்றை ஒத்த கசப்பான மணம். பெயரில் பாசி என்று இருப்பினும் இது ஒரு லைக்கன் ஆகும். செட்டிநாட்டுச் சமையலில் பயன்படும் கல்பாசியும் இதே லைக்கன் குடும்பத்தைச் சேர்ந்தது.

லாவெண்டரின் குளிர்ச்சி, கூமரினின் இனிப்பு, ஓக் பாசியின் கசப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சமன்செய்வதே இவ்வமைப்பின் சிறப்பு. இவற்றுள் ஒன்றைக் குறைத்தாலும் முழு மணமும் வேறாகத் தோன்றும்.

கூமரினின் பங்கு

கூமரின் 9 கார்பன், 6 ஐதரசன், 2 ஆக்சிசன் அணுக்களைக் கொண்ட சேர்மம் ஆகும். இது 1820 ஆம் ஆண்டு தென் அமெரிக்காவின் டோங்கா விதையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1868 ஆம் ஆண்டு ஆங்கில வேதியியலாளர் வில்லியம் என்றி பெர்க்கின், சாலிசிலால்டிகைடையும் அசிட்டிக் நீரிலியையும் வினைபுரியச் செய்து இதனைத் தொகுத்தார். இவ்வினை பெர்க்கின் வினை எனப்படுகிறது. 1856 இல் மோவீன் என்னும் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தவரும் இவரே.

தொகுப்பு முறையில் பெற்ற கூமரினைப் பயன்படுத்திய முதல் புகழ்பெற்ற திரவியம் ஃபூஜேர் ரோயால். எனவே அது ஒரு புதிய குடும்பத்தின் தொடக்கமாக மட்டுமன்றி, தற்கால நறுமணத் தொழிலின் தொடக்கமாகவும் கருதப்படுகிறது.

குறிப்பிடத்தக்க திரவியங்கள்

1889 ஆம் ஆண்டு கெர்லேன் நிறுவனம் வெளியிட்ட ஜிக்கி, லாவெண்டர், கூமரின், வனிலின் ஆகியவற்றைக் கொண்டு இக்குடும்பத்தோடு நெருங்கிய உறவுடையதாக அமைந்தது. இருபதாம் நூற்றாண்டில் தோன்றியவற்றுள் சில:

* புரூட் (ஃபாபெர்ஜே, 1964) – பச்சைப் புட்டியில் வந்தது. இனிப்பும் பவுடர் போன்ற மென்மையும் மிகுந்தது. குறைந்த விலையால் பரவலாகப் பயன்பட்டது.
* பாக்கோ ராபான் பூர் ஓம் (1973) – ழான் மார்த்தேல் உருவாக்கியது. ரோசுமேரி போன்ற மூலிகைகளும் சவர்க்காரத் தூய்மையும் தேனின் சாயலும் சேர்ந்தது. மூலிகை ஃபூஜேர் என்னும் உட்பிரிவுக்கு முன்மாதிரி.
* அசாரோ பூர் ஓம் (1978) – லாவெண்டருடன் சோம்பை ஒத்த மணமும் வெட்டிவேரும் சேர்ந்தது.
* திராக்கார் நுவார் (கீ லரோஷ், 1982) – பியேர் வார்ஞி உருவாக்கியது. டைஐதரோமிர்சினால் என்னும் செயற்கைச் சேர்மம் மிகுந்த அளவில் பயன்பட்டது. உலோகக் குளிர்ச்சியும் எலுமிச்சைச் சாயலும் கொண்டது.
* கூல் வாட்டர் (டேவிடாஃப், 1988) – பியேர் பூர்தோன் உருவாக்கியது. அதே சேர்மத்தை முன்னிறுத்தி நீரின் புத்துணர்ச்சியை உணர்த்தியது.

இவற்றைக் கால வரிசையில் முகர்ந்தால் ஒரு போக்கு புலப்படும். கூமரினின் இனிப்பும் பாசியின் கசப்பும் படிப்படியாகப் பின்னே செல்ல, தூய்மையும் குளிர்ச்சியும் முன்னே வருகின்றன.

ஒப்பிட்டு அறிதல்

ஒரு ஃபூஜேரை முதல் நிமிடத்தில் மதிப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். தொடக்கத்தில் லாவெண்டரும் பெர்கமோட்டும் மட்டுமே மேலோங்கி நிற்பதால் பல ஃபூஜேர்கள் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு கூமரினும் பாசியும் வெளிப்படும் பிற்பகுதியிலேயே தெரியும்.

இரண்டு திரவியங்களை ஒப்பிட, இரு மணிக்கட்டுகளிலும் ஒவ்வொன்றாகப் பூசி, தேய்க்காமல் உலரவிட வேண்டும். பின்னர் 5 நிமிடம், 1 மணி, 4 மணி ஆகிய இடைவெளிகளில் முகரலாம். உறிஞ்சு தாளிலும் அதே திரவியங்களைத் துளியிட்டு வைத்தால், உடல் வெப்பத்தால் ஆவியாதல் எவ்வளவு விரைவுபடுகிறது என்பதையும் அறியலாம். ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதற்குப் பழகி உணர்வை இழக்கும். ஆதலால் ஒரே வேளையில் பலவற்றை ஒப்பிடாதிருப்பது நன்று.

கலவை மாற்றங்கள்

மேற்கண்ட ஒப்பீட்டில் கவனிக்க வேண்டிய இன்னொன்று புட்டியின் வயது. ஓக் பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் ஆகிய சேர்மங்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்குபவை. இதனால் பன்னாட்டு நறுமணப் பொருள் சங்கம் ஓக் பாசியின் அளவுக்கு வரம்பு விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஆம் ஆண்டு விதியொன்றின் மூலம் இவ்விரு சேர்மங்களையும் தடை செய்தது. 2019 ஆகத்து முதல் இவற்றைக் கொண்ட புதிய பொருட்களும், 2021 ஆகத்து முதல் பழைய இருப்புகளும் விற்கப்படக் கூடாதென ஆயிற்று. ஓக் பாசி முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. அச்சேர்மங்கள் நீக்கப்பட்ட சாறு இன்றும் பயன்படுகிறது.

இதன் விளைவாக, 1970களில் வாங்கிய ஒரு புட்டியும் அதே பெயரில் இன்று கிடைக்கும் புட்டியும் ஒரே மணம் தருவதில்லை. புதியதில் அடிப்பகுதியின் கசப்பும் அடர்த்தியும் குறைந்திருப்பது வழக்கம். பழைய திரவியத்தை விரும்புவோருக்கு இது இழப்பு. ஒவ்வாமை உடையோருக்கு இது பாதுகாப்பு. அதே வேளையில், பழைய புட்டியும் அன்றைய மணத்தை மாறாமல் தரும் என்று கொள்ள இயலாது. ஒளி, வெப்பம், காற்று ஆகியவற்றால் முதலில் சிதைவது அதன் மேற்பகுதி மணமே ஆகும்.

பாதுகாத்தல்

பிரான்சின் வெர்சாயில் 1990 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒஸ்மோத்தேக் என்னும் நறுமணக் காப்பகம், மறைந்துபோன திரவியங்களை மூலக் கலவைக் குறிப்புகளின்படி மீளாக்கி, ஆர்கான் வளிமத்தின் கீழ் 12 பாகை செல்சியசில் வைத்திருக்கிறது. ஃபூஜேர் ரோயாலும் அவற்றுள் ஒன்று. 2010 இல் ஊபிகான் நிறுவனம் அதே பெயரில் வெளியிட்டது ரோட்ரிகோ ஃபுளோரெசு-ரூ அமைத்த புதிய கலவை ஆகும்.

இவற்றையும் பார்க்க

* கூமரின்
* பெர்க்கின் வினை
* லாவெண்டர்
* லைக்கன்
* பெரணி