மூன்று முறை மாறிய சட்டம்

1936 ஜூனில் பிரான்சில் லியோன் ப்ளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்று வாரத்துக்கு 40 மணி நேர வேலை, மற்றொன்று ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அடுத்த மாதம் 30-ஆம் தேதி, அதே பிரான்சின் ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், சவானா பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் 40 மணி நேர வாரத்தைக் கேட்கவில்லை. நாளுக்கு 8 மணி நேரமும் சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையும்தான் கேட்டார்கள்.

வ. சுப்பையா பாரீஸ் வரைக்கும் போய் வாதாடினார். 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி வந்த பிரெஞ்சு ஆணை அந்த இரண்டையும் ஒப்புக்கொண்டது. அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் நடப்பிலிருந்த 1934-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டு முழுக்க ஓடும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேர வேலையை அனுமதித்தது. அது 48 ஆகக் குறைய 1946 ஆனது. எல்லையைத் தாண்டினால் வேலை நாளின் நீளமே மாறிவிடும்.

இதுதான் புதுச்சேரி பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கதை. ஆனால் இது ஆலைகளின் கதை. ஆலை முதலாளிக்கு வக்கீல் இருந்தார், தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. சட்டம் மாறினால் இருவருக்கும் அன்றே தெரியும். நாலு பேரை வைத்துக் கடை நடத்தியவருக்கு யார் போய்ச் சொன்னார்கள்?

இரண்டாவது மாற்றம் இன்னும் பெரியது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தாலும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. மறு ஆண்டு வந்த புதுச்சேரி சட்டங்கள் ஒழுங்குமுறை மூலம், 1963 அக்டோபர் 1 முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் உட்பட இந்தியச் சட்டங்கள் வரிசையாக இங்கே அமலுக்கு வந்தன. கடைகளுக்கென்று தனிச் சட்டம் 1964-இல் வந்தது. முதலாளியும் வேலையாளும் பேசியது தமிழ்தான். அவர்களைக் கட்டுப்படுத்திய சட்டமோ பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. புதுச்சேரி அரசிதழின் முகப்பில் இன்றும் பிரெஞ்சுப் பெயர் இருக்கிறது.

மூன்றாவது மாற்றம் இப்போது நடக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1964-ஆம் வருடக் கடைகள் சட்டம் அந்த 29-இல் இல்லை. அது யூனியன் பிரதேசத்தின் சட்டம், அப்படியே இருக்கிறது. ஆக, கடைக்காரர் ரெண்டையும் பார்க்க வேண்டும். கருவடிக்குப்பத்தில் ஒரு கடை, பக்கத்தில் கோட்டக்குப்பத்தில் ஒரு கிளை என்று வைத்திருந்தால் அங்கே தமிழ்நாட்டின் 1947-ஆம் வருடச் சட்டம்.

கருவடிக்குப்பத்தில் மோட்டார் ஓடும் ஒரு பட்டறை, 12 ஆட்கள் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர் இருந்தாலே பழைய கணக்கில் அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் 20 பேர் வேண்டும். 'அப்பாடா, நமக்கு ஒண்ணும் கிடையாது' என்று அந்த உரிமையாளர் நிம்மதி ஆகிவிடலாம். அங்கேதான் சிக்கல். இ.எஸ்.ஐ.க்கும் பணிக்கொடைக்கும் கணக்கு இன்னும் 10 பேர்தான். பி.எஃப்.புக்கு 20. வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். 'அடுத்த மாசம் ஏழாம் தேதி வந்து வாங்கிக்கோ' என்பது இனி செல்லாது. அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டி மீதியை அலவன்ஸ் என்று எழுதும் பழக்கமும் அப்படித்தான். சட்டம் விலக்கியிருக்கும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் சம்பளமாகவே கணக்கில் வரும்.

மென்பொருளில் ஒரு பதிப்பு மாறினால், எதெல்லாம் மாறியது என்று ஒரு பட்டியல் சேர்த்து வெளியிடுவோம். அது இல்லாவிட்டால் பயன்படுத்துகிறவர் திட்டுவார். சட்டம் மாறும்போது, ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கு அப்படி ஒரு பட்டியல் தமிழில் கைக்கு வருவதில்லை. மாதாமாதம் பி.எஃப். கட்டித் தரும் கன்சல்டன்ட் சொன்னால் உண்டு. அவரை வைத்துக்கொள்ள வசதி இல்லாதவருக்கு, நோட்டீஸ் வந்தால்தான் தெரியும்.

இதை முதலாளிமார்களுக்குப் பரிந்து சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உரிமையாளரின் அறியாமைக்கு முதலில் விலை கொடுப்பவர் வேலையாள்தான். இ.எஸ்.ஐ. பதிவு இல்லாத பட்டறையில் கை நசுங்கினால் ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில் விழும்? வேண்டுமென்றே ஏய்ப்பவரைத் தண்டிக்கலாம். தெரியாமல் செய்பவரைத் தண்டித்தால் அவர் அடுத்த முறை ஆட்களின் பெயரையே பதிவேட்டில் எழுதாமல் விடுவார்.

8 மணி நேரத்துக்காக ரத்தம் சிந்திய ஆலைகள் இன்று ஓடவில்லை. ஏ.எஃப்.டி.யும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. அந்தச் சட்டங்களின் வாரிசுகள் இப்போது பேக்கரியிலும் தையல் கடையிலும் டூவீலர் ஒர்க்ஷாப்பிலும்தான் வேலை பார்க்கிறார்கள். எத்தனை பேருக்கு எது பொருந்தும், என்ன பதிவேடு, எந்தத் தேதிக்குள், எங்கே கேட்பது என்பதை இரண்டு பக்கத் தமிழில் அச்சடித்து, கடை உரிமத்தைப் புதுப்பிக்க வருபவர் கையில் கொடுப்பது பெரிய காரியமில்லை. தொழிலாளர் துறையும் வணிகர் சங்கங்களும் சேர்ந்தால் ஒரு மாத வேலை. சுப்பையா பாரீஸ் போய் வந்த காலத்தில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த சட்டம், இன்னும் அந்தக் கல்லாப்பெட்டி வரைக்கும் வந்து சேரவில்லை.