கொழுந்தும் கலமென்சவ்வும்: தேயிலை ஆய்வின் வழியே ஒரு வரலாற்று நோக்கு

லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் லொறியில் ஸ்டோருக்குப் போகிறது. அப்போது அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். இரவு முழுவதும் காற்றில் வாட்டி, நீரில் பெரும்பகுதியை இறக்கிய பிறகே ரோலரில் போடுகிறார்கள். ரோலரிலிருந்து வரும் இலை சிறிது நேரத்தில் செப்பு நிறமாகிறது. சாக்கில் அமுக்கி அடைத்த கொழுந்தோ ஸ்டோருக்கு வந்து சேருமுன்பே சூடேறிச் சிவந்துவிடும். கங்காணி அதற்காகச் சத்தம் போடுவதில் ஓர் உயிரியல் நியாயம் உண்டு: சிவப்பது எங்கே மென்சவ்வு உடைந்ததோ அங்கே.

தளிரின் உலர் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கட்டெக்கின் முதலான பொலிபீனோல்கள். இவை கலத்தின் புன்வெற்றிடத்தில் கிடக்கின்றன. இவற்றை ஒட்சியேற்றும் நொதியமான பொலிபீனோல் ஒட்சிடேசு புன்வெற்றிடத்துக்கு வெளியே இருக்கிறது. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது சில நனோமீற்றர் தடிப்புள்ள மென்சவ்வு மட்டுமே. ஆனாலும் தேயிலை விஞ்ஞானம் நெடுங்காலம் நொதியத்தையே பார்த்தது. மென்சவ்வை வெகு தாமதமாகவே கவனித்தது. இக்கட்டுரை அந்தத் தாமதத்தின் காரணத்தைத் தேடுகிறது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டபோது, வாட்டுதலும் உருட்டுதலும் கைப்பழக்கமாகவே இருந்தன. இலை சிவப்பதை நுண்ணுயிர்களின் வேலை என்று பலர் நம்பினர். 1901இல் இந்தியாவில் ஹரோல்ட் மான் அது இலையின் சொந்த நொதியத்தின் செயல் என்று காட்டினார். 1950களில் ஈ. ஏ. எச். ரொபர்ட்ஸ் அந்தச் செயலின் விளைபொருட்களைத் தேயாபிளேவின், தேயாரூபிஜின் என்று இனம்பிரித்தார். தேநீரின் நிறமும் கடுப்பும் இரசாயனப் பெயர் பெற்றன. நொதியமும் கட்டெக்கினும் சந்திக்கும் வாசல் மட்டும் யாருடைய ஆய்விலும் முக்கியப் பொருளாகவில்லை.

மென்சவ்வின் கதை வேறு இடங்களில் நடந்துகொண்டிருந்தது. இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குச் சட்டம் பிறந்த அதே 1925இல், நெதர்லாந்தின் லெய்டனில் கோர்ட்டரும் கிரெண்டலும் செங்குருதிக் கலங்களின் இலிப்பிட்டைப் பிரித்து நீர்மேல் பரப்பினர். அது கலங்களின் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு இடத்தை நிரப்பியது. ஆகவே மென்சவ்வு ஈரடுக்கு என்றனர். அவர்கள் பயன்படுத்திய அசற்றோன் முழு இலிப்பிட்டையும் பிரித்தெடுக்கவில்லை; கலத்தின் பரப்பையும் அவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தனர். இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் விடை சரியாக வந்தது. விஞ்ஞான வரலாற்றில் இப்படிப்பட்ட அதிர்ஷ்டம் அபூர்வம்.

1935இல் டானியெலியும் டேவ்சனும் அந்த ஈரடுக்கின் இருபுறமும் புரதப் படையைப் போர்த்தினர். 1950களின் இறுதியில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ரொபர்ட்சன் கண்ட மூவரிப் படம் அக்கருத்தை உறுதிசெய்ததாகக் கொள்ளப்பட்டது. கேடு இங்கேதான் என்பது என் மதிப்பீடு. அசையாத, எங்கும் ஒரே மாதிரியான தகடாக மென்சவ்வைக் கருதிய காலத்தில், அது ஓர் இரவில் படிப்படியாகத் தன்மை மாறும் என்று யார் நினைப்பார்கள்?

அந்தக் கேள்வி இலங்கையில் எழுந்தது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய உயிர்இரசாயனவியலாளர் ஜி. டபிள்யூ. சான்டர்சன், பறித்த கொழுந்தை வைத்திருக்கும்போது கலமென்சவ்வின் ஊடுபுகவிடும் தன்மை மாறுவதையும், நொதித்தலில், அதாவது இலை செப்பு நிறமாகும் ஒட்சியேற்றத்தில், அதன் விளைவையும் ஆராய்ந்து 1968இல் வெளியிட்டார். வாட்டுதல் வெறும் நீரிறக்கம் என்ற எண்ணம் இதனால் ஆட்டங்கண்டது.

ஈராண்டு கழித்து ஃப்ரையும் எடிடினும் எலிக் கலத்தையும் மனிதக் கலத்தையும் ஒன்றாக இணைத்தனர். இரண்டின் மேற்பரப்புப் புரதங்களும் 37 பாகை செல்சியசில் சுமார் 40 நிமிடத்தில் கலந்துவிட்டன. குளிரில் அந்தக் கலப்பு தடைப்பட்டது. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் பாய்மச் சித்திர மாதிரியுருவை முன்வைத்தனர். பொசுபோலிப்பிட்டுகள் பக்கவாட்டில் நகர்கின்றன. புரதங்கள் அவற்றிடையே பதிந்து மிதக்கின்றன.

இந்த மாதிரியுருவைக் கையில் வைத்துக்கொண்டு கொழுந்தைப் பார்த்தால் பல விடயங்கள் தெளிவாகின்றன. நிரம்பாத கொழுப்பமிலச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்பு வளைவை உண்டாக்கி நெருக்கத்தைக் குறைப்பதால் பாய்மத்தன்மை கூடும். இலையின் மென்சவ்வுகளில் மூன்று இரட்டைப் பிணைப்புள்ள லினோலெனிக் அமிலம் மிகுதி. இலை நசுங்கும்போது லிப்பொக்சிசனேசு நொதியம் இதை ஒட்சியேற்ற, தொடர்ந்து ஹெக்செனல் முதலான பொருட்கள் தோன்றுகின்றன. ஸ்டோருக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் பச்சை வாசனை இதனால் வருகிறது. நீரை நோக்கிய தலைகளும் நீரை விலக்கிய வால்களும் ஈரடுக்காக நிற்பதே நீர் சூழ்ந்திருப்பதால்தான். நீர் இறங்க இறங்க அந்த ஒழுங்கு தளர்ந்து மென்சவ்வு கசியத் தொடங்குகிறது. மிச்சத்தை ரோலர் முடித்துவைக்கிறது.

ஊவாவில் யூலை முதல் செப்தெம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசும் பருவத்துத் தேயிலைக்குத் தனி வாசனை உண்டு. மெதைல் சலிசிலேற்று அதில் முக்கியமானது. காலநிலைக்கும் தேயிலை வாசனைக்கும் உள்ள தொடர்பை ஆர். எல். விக்கிரமசிங்க 1974இல் ஆராய்ந்தார். அந்த வாசனையை முழுக்க மென்சவ்வின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

உயர்தர வகுப்பில் மென்சவ்வுக்கு இன்றும் பீற்றூட் துண்டும் செங்குருதிக் கலமுமே உதாரணம். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பாடசாலை ஆசிரியர்கள் கொழுந்தையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். உடன் பறித்த இலை, ஓரிரவு வாடிய இலை, கையால் கசக்கிய இலை ஆகியவற்றைச் சம எடையில் எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரின் மின்கடத்துதிறனை அளந்தால் போதும். மானி இல்லாவிட்டால், கசக்கிய இலையும் கசக்காத இலையும் அரை மணி நேரத்தில் நிறம் மாறுவதையாவது மாணவர் குறித்துவைக்கட்டும்.