ஜாஸ் இசையைச் சிறுவர்களிடம் ஒப்படைத்தவர்: யார் இந்த டேனி பார்க்கர்?

ஜாஸ் இசைக்குப் பெயர்போன ஊர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். ஆனால் அங்கேயே பழைய ஜாஸ் வாசிக்க இளையர்கள் குறைந்துபோன காலம் ஒன்று இருந்தது, தெரியுமா? அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் டேனி பார்க்கர்.

யார் அவர்?

1909இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். பாட்டு, பேஞ்சோ, கிட்டார் மூன்றும் கைவந்தவை. 1930இல் நியூயார்க் போய், கேப் கேலோவேயின் புகழ்பெற்ற இசைக்குழுவில் வாசித்தார். 1965இல் மனைவி, பாடகி புளூ லூ பார்க்கருடன் சொந்த ஊர் திரும்பினார்.

அது என்ன இசை?

டிரம்பெட், டிரம்போன், டியூபா, டிரம்ஸ்... எல்லாவற்றையும் தெருவில் நடந்துகொண்டே வாசிக்கும் குழுதான் பிராஸ் பேண்ட். இறுதி ஊர்வலங்களில் அதற்குத் தனி இடம் உண்டு.

- கல்லறைக்குப் போகும்போது தேவாலயப் பாடல்களை மெதுவாக, சோகமாக வாசிப்பார்கள்.
- அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளல் இசை. பின்னால் வரும் கூட்டம் ஆடிக்கொண்டே வரும். அந்தக் கூட்டத்துக்கு ‘செகண்ட் லைன்’னு பெயர்.

பார்க்கர் என்ன செய்தார்?

1970களின் தொடக்கத்தில் ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சிறுவர்களுக்கென ஒரு பிராஸ் பேண்ட் தொடங்கினார். பாட்டை மட்டும் சொல்லித் தரவில்லை. பழைய கலைஞர்களின் கதைகளையும் சொன்னார். ஊர்வலங்களில் சிறுவர்களையே வாசிக்க வைத்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற விண்டன் மார்சாலிஸ், பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் சகோதரர்களும் அதில் வாசித்தவர்கள்தான்.

எதிர்ப்பு வரவில்லையா?

வந்தது. சிறுவர்களை வைத்துப் பிழைக்கிறார் என்று இசைக்கலைஞர் சங்கத்தில் புகார் எழுந்தது. பார்க்கர் விலகிக்கொண்டார். ஆனால் சிறுவர்கள் விடவில்லை. 1974இல் லிராய் ஜோன்ஸ் தலைமையில் ‘ஹரிகேன் பிராஸ் பேண்ட்’ உருவானது. அதற்கு அடுத்து வந்த ‘டர்ட்டி டசன்’ குழு, ஃபங்க் இசையையும் கலந்து வாசித்தது.

பழசு காணாமல் போய்விட்டதா?

பார்க்கருக்கும் அந்தக் கவலை இருந்தது. இறுதி ஊர்வலங்கள் பழைய கண்ணியத்தை இழந்துவிட்டதாக நினைத்தார். தமக்கு அப்படி ஒரு ஊர்வலமே வேண்டாம் என்றார். 1994இல் அவர் காலமானபோது, முறைப்படி நடத்துவோம் என்று கலைஞர்கள் குடும்பத்துக்கு உறுதி தந்தார்கள். அப்படியே நடத்தியும் காட்டினார்கள்.

ஒலிப்பதிவு இருந்தால் ஓர் இசையைக் கேட்கலாம். எப்போது மெதுவாக நடக்கணும், எப்போது துள்ளணும் என்பதை யாராவது கூட நடந்துதான் சொல்லித் தரணும். பார்க்கர் அதைத்தான் செய்தார்.